மாரிக்கு முன்: மட்டக்களப்பு, அம்பாறை நிறுவனங்களுக்கான வெள்ள ஆயத்த வழிகாட்டி

மட்டக்களப்பிலும் அம்பாறைக் கரையோரத்திலும் இயங்கும் ஒரு நிறுவனத்துக்கு வெள்ளம் எதிர்பாராத அனர்த்தம் அல்ல. ஒக்டோபரில் இடைப்பருவ மழையாகத் தொடங்கி, டிசம்பரில் வடகீழ்ப் பருவப்பெயர்ச்சி மழையாக வலுத்து, பெப்ரவரி வரை நீளும் மாரிக்குள் ஏதாவது ஒரு கிழமை வீதிகள் மூழ்குவது இங்கு வழமை. 1957ஆம் ஆண்டின் பெருவெள்ளம் முதியோரின் பேச்சில் இன்றும் வரும். 2011 ஜனவரியிலும் பெப்ரவரியிலும் அடுத்தடுத்து வந்த வெள்ளங்களை இன்று பணியில் இருப்பவர்களே கண்டிருக்கிறார்கள். 2024 நவம்பரிலும் 2025 நவம்பரிலும் உயர்தரப் பரீட்சையே இடைநடுவில் நிறுத்தப்பட்டது. இவ்வளவு தெரிந்திருந்தும், வாசற்படியில் தண்ணீர் நிற்கும்போதுதான் பல அலுவலகங்களில் நாளைக்கு வேலைக்கு வருவதா இல்லையா என்ற கேள்வி எழுப்பப்படுகிறது.

அரச சார்பற்ற நிறுவனங்கள், கூட்டுறவுச் சங்கங்கள், கடனுதவி அமைப்புகள், முன்பள்ளிகள், சிறு தொழிலகங்கள் ஆகியவற்றை மனத்திற்கொண்டு இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது. மின்பிறப்பாக்கியும் படகும் வாங்குவதைவிட, யார் எதை எப்போது தீர்மானிப்பார் என்பதைச் செப்டெம்பரிலேயே ஒரு தாளில் எழுதி வைப்பதுதான் அதிக பயன் தரும் என்பது இதன் நிலைப்பாடு. அந்தத் தாளுக்குச் செலவு எதுவும் இல்லை. ஆனால் கூடிப் பேசி உடன்படுவதற்கு ஒரு முழுப் பிற்பகலாவது வேண்டும்.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது

முதலில், தங்கள் அலுவலகத்தையும் பணிப் பிரதேசத்தையும் எந்த வெள்ளம் பாதிக்கிறது என்பதை நிறுவனம் அறிந்துகொள்ள வேண்டும். நகரத்துக்குள் தேங்குவது பெரும்பாலும் உள்ளூர் மழைநீர். வடிகான் அடைபட்டிருந்தால் சில மணித்தியாலங்களில் ஏறி, மழை விட்டதும் மெதுவாக வடியும். ஒரு மில்லிமீற்றர் மழை என்பது ஒரு சதுர மீற்றர் நிலத்தில் ஒரு லீற்றர் தண்ணீர். நூறு மில்லிமீற்றர் மழை பெய்தால் ஆயிரம் சதுர அடிக் கூரையிலிருந்து மட்டும் ஏறத்தாழ 9,300 லீற்றர் தண்ணீர் கீழே இறங்கும். அது எங்கே போகும் என்பதை வளவைச் சுற்றி ஒரு தடவை நடந்து பார்த்தாலே தெரிந்துவிடும்.

வாவியோர வெள்ளத்தின் போக்கு வேறு. முகத்துவாரத்தில் மணல் திட்டு அடைத்திருக்கும் காலத்தில், சுற்றியுள்ள நிலங்களிலிருந்து வரும் தண்ணீர் கடலுக்குப் போக வழியின்றி வாவியிலேயே உயர்ந்து, கரையோர ஒழுங்கைகளுக்குள் ஏறிவிடும். முகத்துவாரம் வெட்டப்பட்ட பின்னரே அது இறங்கத் தொடங்கும். ஆகவே வாவிக்கரையில் அலுவலகம் வைத்திருப்பவர்கள் வானத்தை மட்டும் பார்த்துக்கொண்டிராமல், முகத்துவாரம் திறந்திருக்கிறதா என்பதையும் விசாரித்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாவதுதான் ஆட்களை ஏமாற்றும் வெள்ளம். மேற்கேயுள்ள உயர்ந்த பகுதிகளில் பெய்த மழை முந்தெனி ஆறு, மாதுறு ஓயா, கல் ஓயா ஆகியவற்றின் வழியாகவும், உன்னிச்சை, உறுகாமம், நவகிரி போன்ற குளங்களின் வான்கதவுகள் வழியாகவும் தாழ்ந்த நிலத்துக்கு வந்து சேர நேரம் எடுக்கும். மட்டக்களப்பு நகரில் வெயில் எறித்துக்கொண்டிருக்கும்போதே கிரானுக்கு மேற்கே புலிபாய்ந்தகல் வீதியில் படகு ஓடலாம். வாவிக்குக் கிழக்கே கடற்பக்கமாக உள்ள எழுவான்கரையிலிருந்து ஒவ்வொரு நாளும் மேற்குக் கரையான படுவான்கரைக்குப் பணியாளர்களை அனுப்பும் நிறுவனங்கள், தங்கள் வாசலில் பெய்யும் மழையை வைத்து முடிவெடுப்பதை விட்டுவிட்டு, நீர்ப்பாசனத் திணைக்களமும் மாவட்ட அனர்த்த முகாமைத்துவப் பிரிவும் விடுக்கும் குள நீர்மட்ட அறிவித்தல்களை வைத்தே முடிவெடுக்கப் பழக வேண்டும்.

அயல்வீட்டு முதியவர் ஒருவரிடம் 2011இல் தண்ணீர் எவ்வளவு உயரத்துக்கு வந்தது என்று கேட்டு, அந்த உயரத்தை அலுவலகச் சுவரில் வர்ணத்தால் கோடிட்டு வைப்பது நல்லது. அலுமாரியின் எந்தத் தட்டு ஆபத்தில் இருக்கிறது, எந்த மின்குதையை மேலே மாற்ற வேண்டும் என்பதை எவரும் விளக்காமலே அந்தக் கோடு காட்டிவிடும்.

முடிவெடுப்பவர் யார், எப்போது

வெள்ளக் காலத்தில் நிறுவனம் எடுக்க வேண்டிய பெரிய முடிவுகள் இரண்டுதான்: களப்பயணத்தை நிறுத்துவது, அலுவலகத்தை மூடுவது. இரண்டுக்கும் பெயர் குறித்த ஒருவர் பொறுப்பாக இருக்க வேண்டும். அவர் தொடர்பில் இல்லாதபோது முடிவெடுக்கும் இன்னொருவரின் பெயரும் எழுதப்பட்டிருக்க வேண்டும். பணிப்பாளர் கொழும்பில் கூட்டத்தில் இருக்கிறார், தொலைபேசி கிடைக்கவில்லை என்பதற்காகக் களத்தில் உள்ளவர் காத்திருக்க நேரிட்டால், அந்த நிறுவனத்தில் ஆயத்தம் இல்லை என்றே கொள்ள வேண்டும். எனது கருத்தில், இந்த அதிகாரத்தைப் படுவான்கரையை நன்கறிந்த ஒரு கள இணைப்பாளரிடம் கொடுப்பதே சிறந்தது. மேலிடத்தில் இருப்பவருக்கு அறிவித்தால் போதும், அனுமதி கேட்கத் தேவையில்லை.

எந்த அறிகுறி தென்பட்டால் என்ன செய்வது என்பதையும் முன்கூட்டியே உடன்பட்டு எழுத வேண்டும். வங்காள விரிகுடாவில் தாழமுக்கம் உருவாகியுள்ளதாக வளிமண்டலவியல் திணைக்களம் அறிவித்தவுடன் வாகனங்களுக்கு எரிபொருள் நிரப்புவது, கைத்தொலைபேசிகளையும் பவர் பேங்குகளையும் சார்ஜ் செய்வது, கீழ்த்தட்டுக் கோவைகளை மேலே ஏற்றுவது, வரும் நாட்களுக்கான கள நிகழ்ச்சிகளை மீள்பரிசீலிப்பது ஆகியன தாமாகவே நடக்க வேண்டும். 100 மில்லிமீற்றருக்கு மேற்பட்ட கனமழை எதிர்வுகூறப்பட்டாலோ, பணிப் பிரதேசத்துக்கு மேலேயுள்ள குளத்தின் வான்கதவு திறக்கப்படுவதாக அறிவிக்கப்பட்டாலோ, வாவிக்கு அப்பாலான பயணம் அன்றே நிறுத்தப்பட வேண்டும். தண்ணீர் வளவுக்குள் முன்கூட்டியே குறித்து வைத்த ஓர் இடத்தை, உதாரணமாக மதிலடி வாசற்படியைத் தொட்டால் அலுவலகம் மூடப்படும். இவை எளிய விதிகள். எளிமையாக இருப்பதனாலேயே பதற்றமான நேரத்திலும் நினைவில் நிற்கும்.

தகவல் எங்கிருந்து வர வேண்டும் என்பதிலும் ஒழுங்கு தேவை. வட்ஸ்அப் குழுக்களில் பழைய படங்களும் ஊகங்களும் மாரியில் மழையைவிட வேகமாக வந்து குவியும். பிரதேச செயலகம், கிராம உத்தியோகத்தர், அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கம் ஆகியவற்றில் உறுதிப்படுத்தப்பட்ட செய்தியை மட்டும் பணியாளர் குழுவில் பகிர்வதென்றும், அதை ஒருவரே செய்வதென்றும் தீர்மானித்துக்கொள்ளலாம். மின்சாரம் நீண்ட நேரம் தடைப்பட்டால் தொலைபேசிக் கோபுரங்களின் மின்கலங்களும் இறங்கிவிடும் என்பதால், பற்றரியில் இயங்கும் ஒரு வானொலிப் பெட்டியும், எவரையும் தொடர்புகொள்ள முடியாதபோது பணியாளர் எங்கே போய்ச் செய்தி சொல்ல வேண்டும் என்ற ஏற்பாடும் இருக்க வேண்டும். ஊரில் உள்ள கிராம உத்தியோகத்தர் அலுவலகமே பெரும்பாலும் அதற்குப் பொருத்தமான இடம்.

பணியாளரின் வீடு

நிறுவனத்தின் ஆயத்தத் திட்டங்களில் பொதுவாக விடுபட்டுப் போவது பணியாளர்களின் சொந்த வீடுகள். வீட்டுக்குள் தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கும்போது ஒருவர் நிவாரணப் பதிவேட்டை நிரப்பிக்கொண்டிருக்க மாட்டார். அப்படி நிரப்ப வைப்பதும் நியாயமில்லை. செப்டெம்பரில் ஒவ்வொரு பணியாளரிடமும் அவருடைய வீடு வெள்ளத்தில் மூழ்குமா, எந்த வீதியால் வேலைக்கு வருகிறார், வீட்டில் வயோதிபர், கர்ப்பிணி, கைக்குழந்தை, மாற்றுத்திறனாளி எவராவது இருக்கிறார்களா, தேவைப்பட்டால் எங்கே போய்த் தங்குவார் என்ற விபரங்களைக் கேட்டு, தாளில் எழுதி, அந்தத் தாளை அந்தரங்கமாக வைத்திருக்க வேண்டும். பரீட்சை எழுதும் பிள்ளை இருக்கும் வீட்டையும் மறந்துவிடக் கூடாது. 2024இலும் 2025இலும் மாரியும் உயர்தரப் பரீட்சையும் ஒன்றாகவே வந்தன.

இந்தப் பகுதிக்கே உரிய இன்னொரு விடயமும் உண்டு. நவம்பரில் பெரும்போகம் விதைத்த வயல் பலரிடம் இருக்கிறது. மேய்ச்சல்தரையில் மாடு விட்டிருப்பவர்களும் உண்டு. மழை கடுமையானதும் அவர்களின் மனம் வரம்பிலும் பட்டியிலும்தான் நிற்கும். விடுமுறை மறுக்கப்பட்டால், சொல்லாமல் கொள்ளாமல் போய் ஆபத்தில் சிக்குவார்கள். வெள்ள விடுமுறை என்று சில நாட்களை ஆண்டுத் திட்டத்திலேயே ஒதுக்கி, அதற்குச் சம்பளம் வெட்டப்படாது என்று எழுத்தில் கொடுத்துவிட்டால், பணியாளர் எங்கே இருக்கிறார் என்பதாவது நிறுவனத்துக்குத் தெரியும்.

நாட்கூலிக்கு வரும் துப்புரவுப் பணியாளரின் நிலை இன்னும் இக்கட்டானது. அலுவலகம் மூடினால் அவருக்கு அன்றைய வருமானம் இல்லை; அதனாலேயே முழங்காலளவுத் தண்ணீரைக் கடந்தும் வருவார். மூடப்படும் நாட்களுக்கும் அவருக்குக் கொடுப்பனவு உண்டு என்பது வரவுசெலவுத் திட்டத்தில் ஒரு சிறிய தொகைதான். இரவுக் காவலாளியோ எல்லாரும் வீடு போன பின் தனியே இருப்பவர், பெரும்பாலும் வயதானவர். அவரை எத்தனை மணிக்கு விடுவிப்பது, கட்டடத்தைக் கைவிட்டுப் போக அவருக்கு உரிமை உண்டா என்பன எழுதப்பட்டிருக்க வேண்டும். கணினியைக் காக்க ஓர் ஆளை வெள்ளத்துக்குள் நிறுத்தி வைக்க எந்த நிறுவனத்துக்கும் உரிமை இல்லை.

பயணம்

வீதியில் உயிர்ச்சேதம் நேரக்கூடும் என்பதால், திட்டத்தின் மிகக் கடுமையான விதிகள் இங்கேதான் இருக்க வேண்டும். ஓடும் தண்ணீர் கணுக்காலுக்குச் சற்று மேலே, ஏறத்தாழ 15 சென்ரிமீற்றர் இருந்தாலே ஒரு பெரியவரின் கால் வழுக்கலாம். 30 சென்ரிமீற்றரில் சிறிய கார்கள் மிதக்கத் தொடங்கும். 60 சென்ரிமீற்றர் ஆனால் பெரிய ஜீப் வண்டியும் இழுபடலாம். கலங்கிய தண்ணீருக்குக் கீழே வீதி இருக்கிறதா, அரித்துக்கொண்டு போய்விட்டதா என்பது மேலிருந்து பார்ப்பவருக்குத் தெரியாது.

உழவு இயந்திரம் உயரமானது, அதனால் பாதுகாப்பானது என்ற நம்பிக்கை இங்கு ஆழமாக வேரூன்றியிருக்கிறது. 2024 நவம்பர் 26ஆம் திகதி அம்பாறை மாவட்டத்தின் மாவடிப்பள்ளியில் மாணவர்களை வீடுகளுக்கு ஏற்றிச் சென்ற உழவு இயந்திரம் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டு, பிள்ளைகள் உட்படப் பலர் உயிரிழந்தனர். உழவு இயந்திரத்தின் சில்லுகள் பாரமானவை என்றாலும், பின்னால் இழுபடும் பெட்டி அகலமானது. பக்கவாட்டில் வரும் நீரோட்டம் அந்த அகலம் முழுவதிலும் மோதித் தள்ளும். விடுதியோ, பயிற்சி நிலையமோ, சிறுவர் இல்லமோ நடத்தும் நிறுவனங்கள் இதிலிருந்து ஒரு விதியை எடுத்துக்கொள்ள வேண்டும்: ஆட்களை வீட்டுக்கு அனுப்புவதென்றால் வீதி காய்ந்திருக்கும்போதே அனுப்ப வேண்டும், அந்த நேரம் தவறிவிட்டால், அவர்களை இருக்கும் இடத்திலேயே மேல்மாடியிலோ உயரமான அயற்கட்டடத்திலோ வைத்துப் பராமரிக்க வேண்டும். அதற்குப் போதிய குடிநீர், உலர் உணவு, பாய், மருந்து என்பன நவம்பருக்கு முன்பே களஞ்சியத்தில் இருக்க வேண்டும். குடிக்க மட்டும் ஒருவருக்கு ஒரு நாளைக்கு மூன்று லீற்றர் என்று கணக்கிடலாம்.

வெள்ளம் மேலால் பாயும்படி தாழ்வாக அமைந்த வீதிப் பகுதிகளான தாம்போதிகளைப் பொறுத்தவரை பேரம் பேச இடமில்லை. கிட்டங்கி போன்ற தாம்போதியின் மேல் தண்ணீர் ஓடுகிறதென்றால், மற்றவர்கள் கடக்கிறார்கள் என்பது ஒரு காரணமாகாது. மண்முனைப் பாலம் 2014இல் திறக்கப்பட்டதிலிருந்து கொக்கட்டிச்சோலைப் பக்கம் போவது இலகுவாகிவிட்டது. ஆயினும் பாலம் தண்ணீருக்கு மேலே நிற்பதை வைத்து அப்பாலுள்ள வயல் வீதிகளும் அப்படியே இருக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. காலையில் கடந்த வீதி மாலையில் மூழ்கலாம் என்பதால், மாரிக் காலக் களப்பயணம் பிற்பகல் இரண்டு மணிக்கு முன் முடிந்து, பணியாளர் எழுவான்கரைக்குத் திரும்பிவிட வேண்டும் என்று வைத்துக்கொள்ளலாம். தனியே மோட்டார் சைக்கிளில் செல்லும் பெண் கள உத்தியோகத்தர்களுக்கு இந்த நேர எல்லை மிகவும் அவசியமானது. படகில் போகவே வேண்டும் என்றால் ஆளுக்கொரு உயிர்காப்பு அங்கி இருக்க வேண்டும். இல்லையென்றால் பயணமும் இல்லை. திரும்பி வந்தமைக்காக எவரும் விளக்கம் எழுத வேண்டியதில்லை என்பதையும் பணிப்பாளர் வாயால் ஒரு தடவை சொல்லிவிடுவது நல்லது.

இவ்வளவுக்கும் அடியில் ஒரு நிர்வாகக் காரணம் ஒளிந்திருக்கிறது. பல நன்கொடையாளர்களின் நிதியாண்டு டிசம்பரில் முடிவதால், செலவழிக்கப்படாத தொகையைத் தீர்க்க வேண்டிய பயிற்சிகளும் பகிர்ந்தளிப்புகளும் நவம்பர், டிசம்பர் மாதங்களில் வந்து குவிகின்றன. வருடத்தின் மிக ஆபத்தான கிழமைகளில்தான் பணியாளர்கள் மிக அதிகமாக ஓட வேண்டியிருக்கிறது. களவேலை கூடிய பணிகளை ஒக்டோபருக்கு முன் முடிக்கும்படியும், அறிக்கை எழுதுதல், கணக்கு முடித்தல், தரவுப் பதிவு ஆகியவற்றை மாரிக்கு ஒதுக்கும்படியும் வேலைத்திட்டத்தை ஜனவரியிலேயே அமைத்தால், எந்த உயிர்காப்பு அங்கியையும் விட அது பாதுகாப்புத் தரும். கடன் வசூலிக்கும் அமைப்புகள் வெள்ள நாட்களுக்கான தவணை ஒத்திவைப்பு விதியை இதே நேரத்தில் முடிவுசெய்து, குழுத் தலைவிகளுக்கு அறிவித்துவிட வேண்டும். இல்லையென்றால் உத்தியோகத்தர் தன் இலக்கை எட்டுவதற்காகத் தண்ணீருக்குள் இறங்குவார்.

கட்டடமும் கோவைகளும்

வடிகான், பீலி, கூரை, மதிலோரம் சாய்ந்து நிற்கும் மரக்கொப்பு ஆகியவற்றைச் செப்டெம்பரில் பார்த்துச் சரிசெய்வது எல்லாருக்கும் தெரிந்த வேலை. மின்சாரத்தைப் பற்றி மட்டும் ஒன்று: தரை காய்ந்திருக்கும்போதே பிரதான ஆளியை அணைக்க வேண்டும். தண்ணீர் உள்ளே வந்த பின், அதில் நின்றபடி ஆளியைத் தொடக் கூடாது.

காகிதங்களின் மீது கூடுதல் கவனம் வேண்டும். கதிரையும் மேசையும் மீண்டும் வாங்கக் கிடைக்கும். அங்கத்தவர் சேமிப்புப் பேரேடு, காணி உறுதியின் பிரதி, பயனாளிகளின் கையொப்பமுள்ள பற்றுச்சீட்டு என்பன கிடைக்கமாட்டா. இங்க்ஜெட் அச்சுப்பொறியில் எடுத்த பக்கமும், இறப்பர் முத்திரையின் மையும் தண்ணீர் பட்டதும் கரைந்து பரவும்; எண்ணெய்த் தன்மையுள்ள குமிழ்முனைப் பேனா மையும் லேசர் அச்சும் பெருமளவு தாக்குப்பிடிக்கும். ஆகவே முக்கியமான பதிவேடுகளைக் குமிழ்முனைப் பேனாவால் எழுதுவதை வழக்கமாக்கிக்கொள்ளலாம். கீழ்த்தட்டில் வெறும் தாள்கட்டுகளையும் பழைய சஞ்சிகைகளையும் வைத்து, பேரேடுகளை மேல்தட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். ஒவ்வொரு கிழமையும் முக்கியமான பக்கங்களைப் படமெடுத்து இணையச் சேமிப்பகத்திலும், நகருக்கு வெளியே உள்ள இன்னொரு அலுவலகத்தின் வன்தட்டிலும் வைப்பது ஒருவரின் பெயரில் எழுதப்பட்ட கடமையாக இருக்கட்டும்.

நனைந்துவிட்ட பதிவேட்டை அவசரப்பட்டு விரிக்கக் கூடாது. ஒட்டிய தாள்கள் கிழிந்துவிடும். இரண்டு நாட்களுக்குள் பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கும் என்பதால், வழியும் தண்ணீரை வடியவிட்டு, சில பக்கங்களுக்கொன்றாக வெற்றுத் தாளைச் செருகி, நிழலில் மின்விசிறிக் காற்றில் உலர்த்த வேண்டும். வெயிலில் போட்டால் தாள் சுருண்டு முறுகிவிடும். கணினியும் அப்படித்தான்: வேலை செய்கிறதா என்று போட்டுப் பார்ப்பதுதான் அதைக் கொல்லும். மூழ்கிய மோட்டார் சைக்கிளையும் உதைத்துப் பார்க்காமல் திருத்துநரிடம் தள்ளிக்கொண்டு போக வேண்டும்.

தண்ணீர் வடிந்த பிறகு

அலுவலகத்தைத் திறப்பதில் அவசரம் வேண்டாம். மின்சாரத்தை மின்னியலாளர் ஒருவர் பரிசோதித்த பின்னரே போட வேண்டும். அலுமாரிக்குக் கீழும் நனைந்த அட்டைப்பெட்டிகளுக்குள்ளும் பாம்பு ஒதுங்கியிருக்கும். நீண்ட தடியால் அசைத்துப் பார்த்த பிறகே கை வைக்கலாம். கடி பட்டால் நாட்டு வைத்தியத்தில் நேரம் போக்காமல் 1990 சுவசெரிய அம்புலன்ஸ் சேவைக்கு அழைத்து வைத்தியசாலைக்குப் போக வேண்டும். வெள்ளம் புகுந்த கிணற்றுத் தண்ணீரை, கிணறு இறைக்கப்பட்டு, பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் ஆலோசனைப்படி குளோரின் இடப்படும் வரை குடிக்கக் கூடாது. கொதிக்க வைத்த தண்ணீரையோ போத்தல் தண்ணீரையோ பயன்படுத்தலாம்.

நிவாரணப் பணியில் இறங்கும் நிறுவனங்கள் பிரதேச செயலகத்தினூடாகவே இறங்க வேண்டும். இல்லையென்றால் பிரதான வீதியோர முகாமுக்கு மூன்று தரம் சோற்றுப் பொதி போகும், உள்ளே இருக்கும் ஊருக்கு ஒன்றும் போகாது.

சேற்றைக் கழுவும் வேலையில் ஈடுபடும் எல்லாருக்கும் இறப்பர் சப்பாத்தும் கையுறையும் நிறுவனமே வழங்க வேண்டும், ஏனெனில் எலிக்காய்ச்சல் கிருமி காலிலுள்ள சிறு கீறலால்கூட உடலுக்குள் புகும். வெள்ளத்துக்குள் வேலை செய்ய நேர்ந்தவர்களுக்குத் தடுப்பு மருந்தாக டொக்ஸிசைக்கிளின் தேவையா என்பதைச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை தீர்மானிக்கும். பணியாளர் பட்டியலுடன் முன்கூட்டியே அங்கு போய்க் கேட்பது முகாமையாளரின் வேலை. அடுத்த மூன்று நான்கு கிழமைகளுக்கு எவருக்காவது காய்ச்சல் வந்தால், அது எலிக்காய்ச்சலாகவும் இருக்கலாம், தேங்கிய தண்ணீரில் பெருகிய நுளம்பால் வந்த டெங்காகவும் இருக்கலாம். பரசிற்றமோலைப் போட்டுக்கொண்டு வேலைக்கு வராமல் வைத்தியரிடம் போகவும், தான் வெள்ளத்தில் இறங்கிய திகதியை அவரிடம் மறக்காமல் சொல்லவும் ஒவ்வொரு பணியாளரும் அறிவுறுத்தப்பட்டிருக்க வேண்டும்.